ஸ்கூல் லீவு விட்டாச்சு... ஆட்டிசம் உள்ள குழந்தையின் வீட்டில் ஏன் இத்தனை பதற்றம்?

2024 கோடை விடுமுறை முடியும் நேரம். தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் 6-ஆம் தேதி திறக்கும் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். வெயில் குறைவதாக இல்லை. திறப்பு ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. அந்த நியூஸ் அலர்ட்டை எங்கள் டெஸ்க்கிலிருந்து தட்டிவிட்டது நான்தான். பத்தே நிமிஷத்தில் கமென்ட் முழுக்க ஹார்ட்டின், டான்ஸ் ஆடும் எமோஜி. கூடவே அக்காவிடமிருந்து போன்.

"உங்க பேப்பர் நியூஸ் பார்த்தேன்டி. இதை இவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அக்கா பையனுக்கு அப்போது அஞ்சு வயசு. ஆட்டிசம் இருக்கிறது. அதற்கு முந்தைய ரெண்டு வாரமாக, தினமும் காலையில் எழுந்ததும் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பான். ஆறாம் தேதித் தாளில் ஸ்கூல் வேன் படம் ஒட்டியிருந்தது. வேன் படம் வந்தால் ஸ்கூல். அவ்வளவுதான் அவன் கணக்கு. 'தள்ளி வச்சுட்டாங்க' என்று வாயால் சொன்னது அவனுக்குள் போகவில்லை. ஆறாம் தேதி காலையில் வேன் படம் வந்தது. யூனிஃபார்மை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். வேன் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அக்கா முழுசாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் கையில் அவனே கடித்த தடம் இருந்தது.

ஒவ்வொரு மே மாதமும் 'லீவில் குழந்தைகளை எப்படி பிஸியாக வைத்திருப்பது' என்று எல்லா செய்தித் தளங்களும் எழுதுகின்றன. நாங்களும் எழுதுகிறோம். நீச்சல், அபாகஸ், சதுரங்கம், தாத்தா வீடு. ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைக்கு அந்த லிஸ்ட் பெரும்பாலும் உதவாது. அங்கே பிரச்சினை வேறு.

பெல் அடிக்காத நாள்

பள்ளி நாள் என்பது ஒரு சட்டகம். வேன், பிரேயர், பெல், டிஃபன் பாக்ஸ், மறுபடி பெல், வேன். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும். மற்றவர்களின் முகம், பேச்சு, சூழலின் மாற்றம் ஆகியவற்றிலிருந்து 'அடுத்து என்ன' என்று ஊகிப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். அதனால் ஒழுங்கான அட்டவணை அவர்களுக்கு ஊன்றுகோல் மாதிரி. விடுமுறை அதைத்தான் ஒரே நாளில் பிடுங்கிவிடுகிறது.

கூடவே மே மாதத்துக்கே உரிய வேறு சில விஷயங்களும் சேர்ந்துகொள்கின்றன. நேரங்கெட்ட நேரத்தில் கரன்ட் போகும், ஃபேன் நிற்கும். உறவினர்கள் சொல்லாமல் வருவார்கள். தெருக்கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவார்கள். பல தெரபி மையங்களும் மே மாதத்தில் ஒரு வாரமோ ரெண்டு வாரமோ மூடியிருக்கும். தூங்கும் நேரம் தள்ளிப்போகும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் தூக்கப் பிரச்சினை ஏற்கெனவே அதிகம். ஒரு வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். தமிழில் ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்ற சொல் உண்டு. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் பார்க்கலாம். இந்த ரெண்டாவது சொல் எனக்கு எப்போதுமே இடிக்கும். பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்கு இந்த வீட்டில் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகம் தெரியவில்லை என்றா சொல்வது? நமக்கு வடிகட்டி வருவது அவனுக்கு வடிகட்டாமல் வருகிறது. வீடுகளில் எல்லோரும் 'ஆட்டிசம்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

காலண்டரிலிருந்து ஆரம்பிக்கலாம்

முதல் வேலை, நாளைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்குவது. இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-ல் தொடங்கிய 'டீச்' திட்டம் இந்தப் பட அட்டவணை முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தது. இன்று உலகம் முழுக்கச் சிறப்புப் பள்ளிகளில் சுவர் ஓரமாக வரிசையாகப் படங்கள் ஒட்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் இதற்குப் பெரிய செலவில்லை. பல் தேய்ப்பது, இட்லி, குளியல், மொட்டைமாடி, தூக்கம், டிவி, பார்க் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டியதுதான். கார்ட்டூன் படம் வேண்டாம். உங்கள் வீட்டு பாத்ரூம், உங்கள் வீட்டுத் தட்டு. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே எடுத்து 'முடிஞ்சது' டப்பாவில் போட வேண்டும். இந்த டப்பாதான் முக்கியம். ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்பதைக் கையால் தொட்டு உணர அதுதான் வழி. அதை வைக்காமல் படத்தை மட்டும் ஒட்டிவிட்டு 'எங்க பையனுக்கு செட் ஆகலை' என்று விட்டவர்கள் உண்டு. என் அக்காவும் முதலில் அப்படித்தான்.

முழு நாளும் ஒட்டினால் சில குழந்தைகள் மிரளும். அப்படியானால் ரெண்டே படம் போதும்: 'முதல்ல' இது, 'அப்புறம்' அது. முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல். சொன்னபடி ஊஞ்சல் வர வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அந்த அட்டைக்கு அதோடு மதிப்பு போச்சு.

தினசரி காலண்டர் நம்மூரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்திருப்பார்கள். நாள் போகிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. கிழிக்கக் கிழிக்கக் குறையும். ஆனால் அதில் ஒரு பொறி இருப்பதை 2024 காட்டிவிட்டது.

அது ஒரு வருஷத்துக் கதையும் இல்லை. 2023-ல் ஜூன் 1 என்று சொல்லி, ஜூன் 7 ஆகி, கடைசியில் ஆறாம் வகுப்பு முதல் ஜூன் 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14-க்கும் போனது. 2025-ல் ஜூன் 2-ஆம் தேதி திறந்தது. வெயிலைப் பார்த்துத் திறப்பைத் தள்ளி வைப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தேதி மாறலாம் என்பதையும் அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சிறப்பாசிரியர்கள் இதற்கு ஒரு 'மாற்றம்' அட்டை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பளிச்சென்ற ஒரே நிறம், ஒரே குறி. அதை நல்ல மாற்றங்களில் தொடங்க வேண்டும். தோசை என்று படம் இருந்த இடத்தில் 'மாற்றம்' அட்டை வைத்து, பூரி கொடுப்பது. வாரத்துக்கு நாலஞ்சு முறை இப்படிச் சின்னச் சின்னதாகப் பழகிய பிறகுதான், வேன் வராத நாளுக்கு அந்த அட்டை கொஞ்சமாவது தாங்கும். எடுத்தவுடனே கெட்ட செய்திக்கு அந்த அட்டையை வைத்தால், அட்டையே பயம் ஆகிவிடும்.

சரி, பகல் முழுக்க என்ன செய்ய வைப்பது?

பொம்மைக் கடைக்குப் போகும் முன் சமையலறையைப் பாருங்கள். பச்சைப் பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது. தெரபி மையங்களில் காசு கொடுத்துச் செய்யும் விரல் பயிற்சியும் தொடு உணர்வுப் பயிற்சியும் இதில் பாதிக்கு மேல் வந்துவிடும். கோடை என்றால் வடகம். விடியற்காலையில் மொட்டைமாடியில் வேட்டி விரித்து, வரிசையாகப் பிழிந்து வைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வரிசை பிடிக்கும் குழந்தைகளுக்கு அது ரொம்பவே பிடிக்கலாம். கூழின் பிசுபிசுப்பைத் தொடவே முடியாத குழந்தையும் இருக்கும். அவனைத் தொட வைத்தே தீருவேன் என்று நிற்க வேண்டாம். காய்ந்த வடகத்தை எண்ணி டப்பாவில் போடட்டும்.

கையில் கிடைப்பதை வாயில் போடும் பழக்கம் இருந்தால் புளியங்கொட்டை, சோழி, பட்டாணி மாதிரியானவை பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

உடம்புக்கு வேலை கொடுக்கும் விஷயங்கள் பல குழந்தைகளை அமைதியாக்கும். அரை வாளித் தண்ணீரைத் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது, துவைத்த போர்வையைப் பிழிவது, தலையணைகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவது. ஊஞ்சல் இல்லாத வீட்டில் பழைய சேலையில் தூளி கட்டலாம். கொக்கி அஞ்சு வயசுப் பிள்ளையின் எடையைத் தாங்குமா என்று முதலில் பெரியவர்கள் தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. தாகம், உடம்புச் சூடு போன்ற உள் உணர்வுகளை ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளால் சரியாக உணர முடியாது, உணர்ந்தாலும் சொல்ல முடியாது. கேட்டால் கொடுக்கலாம் என்று அக்னி நட்சத்திரத்தில் காத்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும் படமும் அட்டவணையில் மணிக்கு ஒரு முறை வரட்டும்.

இனி, குழந்தைக்குப் பிடித்த அந்த ஒரே விஷயம். ஃபேன், லிஃப்ட், பஸ் நம்பர், ரயில். 'எப்பப் பார்த்தாலும் ரயில் ரயில்னு, வேற எதுவும் தெரியாது' என்று வீட்டில் சலித்துக்கொள்வோம். ஆட்டிச மனம் பல பக்கம் சிதறாமல் ஒன்றிரண்டு விஷயங்களில் ஆழமாகக் குவிகிறது என்ற கருத்தை டைனா மர்ரியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2005-ல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் ரயிலைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை, அதுதான் உள்ளே போகும் கதவு. பெட்டிகளை எண்ணலாம், நிறம் சொல்லலாம், ஸ்டேஷன் பெயர்ப் பலகையை வாசிக்கலாம். அக்கா பையன் எழுத்துக் கற்றது மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் வழியாகத்தான். சென்னையில் இருப்பவர்கள் வில்லிவாக்கம் பக்கம் ஐசிஎஃப் ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு சாயங்காலம் போகலாம். அது இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனில் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்து, கூட்டம் இல்லாத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும். காதை மூடும் ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள், ஹாரன் யாரைக் கேட்டும் அடிப்பதில்லை.

நாள் முழுக்கவும் ஏதாவது 'ஆக்டிவிட்டி' ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டைத் தெரபி சென்டர் ஆக்கினால் குழந்தைக்கும் லீவு இல்லை, அம்மாவுக்கும் லீவு இல்லை. லீவு தொடங்கும் முன் தெரபிஸ்ட்டிடம் கேட்டு ரெண்டு, மூணு இலக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நேரம் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தால் சுற்றட்டும்.

போன் கொடுக்கலாமா?

அஞ்சு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் படி, ரெண்டு முதல் நாலு வயது வரை ஸ்கிரீன் நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒற்றை ஆளாக நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அம்மா குளிக்கப் போகும் இருபது நிமிஷத்துக்குப் போன் கொடுத்தால் அதற்குக் குற்றவுணர்வு தேவையில்லை. அந்த இருபது நிமிஷத்துக்கும் அட்டவணையில் ஒரு படம் வையுங்கள், டைமர் வையுங்கள், சண்டை குறையும்.

வாட்ஸ்ஆப்பில் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒன்று சுற்றுகிறது. போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது, போனை நிறுத்தினால் போய்விடும் என்று. உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடுகளில் அப்படி ஒரு பெயரே இல்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ளது. அதிக ஸ்கிரீன் பேச்சையும் தூக்கத்தையும் பாதிக்கலாம், அதனால் குறைப்பது சரி. அதற்காக அம்மாமேல் பழி போடுவது சரியில்லை.

இன்னொன்று. பேச்சு வராத குழந்தைகள் படத்தைத் தட்டிப் பேசுவதற்கான ஆப்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்ற 'ஆவாஸ்' சென்னையில் உருவானது. அந்தக் குழந்தைக்கு டேப்லெட் விளையாட்டுப் பொருள் கிடையாது, அதுதான் வாய். தண்டனையாக அதைப் பிடுங்கி வைப்பது குழந்தையின் வாயைக் கட்டுவது மாதிரி.

ஊருக்குக் கூட்டிப் போவதென்றால்

இந்தப் பகுதியை மட்டுமாவது யாருக்காவது ஃபார்வர்ட் பண்ணுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சத்தமில்லாமல் வீட்டைவிட்டு வெளியே நடந்துபோய்விடுவது அடிக்கடி நடப்பது. அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் குடும்பங்களிடம் கேட்டு, 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் 2012-ல் வெளியான ஆய்வு இது: நாலு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது அப்படிப் போக முயன்ற குழந்தைகள் 49 சதவீதம். கவலைப்படும் அளவுக்கு நேரம் காணாமல் போனவர்களில் 24 சதவீதம் பேர் தண்ணீரில் மூழ்கும் ஆபத்தின் விளிம்புவரை போயிருக்கிறார்கள். சாலை விபத்தை நெருங்கியவர்கள் அதைவிட அதிகம். இவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு.

இப்போது நம்மூர் லீவை நினைத்துப் பாருங்கள். தாத்தா வீட்டுக் கிணறு, பம்புசெட் தொட்டி, கோயில் குளம், எப்போதும் திறந்தே கிடக்கும் கொல்லைக் கதவு. 'எல்லாரும் வீட்டுலதானே இருக்காங்க' என்ற நம்பிக்கை வேறு. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வதாக நினைப்பார்கள். அதனால் 'இந்த ஒரு மணி நேரம் நீ பாரு' என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். போய் இறங்கியதும் முதல் வேலை: கதவுக்கு மேல் பக்கம், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். கிணற்றுக்கு மூடியோ வலையோ. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் குழந்தையைக் காட்டி, 'தனியா நடந்து வந்தா கூப்பிட்டா திரும்ப மாட்டான், கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்ணுங்க' என்று நம்பர் கொடுப்பது. சட்டையின் உள்பக்கம் அம்மா, அப்பா நம்பரைத் தைத்து வைப்பது. காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் பக்கம். அதே நேரத்தில் ஒருவர் 112-க்கோ 1098-க்கோ அழைக்க வேண்டும்.

உறவினர்களைச் சமாளிப்பது அடுத்த வேலை. 'மாமா கண்ணைப் பார்த்துப் பேசு', 'பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் குடு', 'ரெண்டு அடி போட்டா சரியாயிடும்.' கிளம்பும் முன்பே ஃபேமிலி குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவது நல்லது: அவனாக வந்தால் பேசுங்க, கட்டிப்பிடிக்க வேண்டாம், காதைப் பொத்தினால் திட்ட வேண்டாம். ஊரில் ஓர் அறை, அறை இல்லாவிட்டால் ஒரு மூலை, அவனுக்கென்று வேண்டும். திருவிழாவில் வேட்டு போடும் நேரத்துக்கு அந்த மூலைதான் கைகொடுக்கும்.

கேம்ப் ஏன் கிடைப்பதில்லை?

அக்கா அந்த வருஷம் மூணு சம்மர் கேம்ப்களுக்குப் போன் போட்டாள். ஆட்டிசம் என்ற வார்த்தை வந்ததும் மூணு இடத்திலும் ஒரே பதில்: "எங்ககிட்ட அதுக்கு ஸ்டாஃப் இல்ல மேடம்." ஓரிடத்தில், நீங்களே கூட இருந்தால் யோசிக்கலாம் என்றார்கள், முழு ஃபீஸோடு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குழந்தையை ஒதுக்காமல் சேர்க்க வேண்டும் என்ற கடமையை அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள்மேல் சட்டம் சுமத்துகிறது. ஆனால் அபார்ட்மென்ட் கிளப்பில் நடக்கும் ஒரு மாத கேம்புக்கு யாருடைய அங்கீகாரமும் கிடையாது. சட்டத்தின் கை அங்கே போய்ச் சேருவதற்குள் லீவே முடிந்துவிடும். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு ஓர் உரிமை இருக்கிறது, மீதி நாட்களுக்கு அது அவரவர் சாமர்த்தியம் என்று ஆகிவிட்டது.

அதே சட்டத்தின் 29-வது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கெடுக்க வழிசெய்யும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தருகிறது. அதாவது நூலகம், பூங்கா, அருங்காட்சியகம். மெரினாவில் 2022-ல் மாற்றுத்திறனாளிகள் கடல் வரை போக மரப்பாதை போட்டார்கள், நல்ல விஷயம். சாய்தளமும் மரப்பாதையும் நமக்குப் புரிகின்றன. சத்தம் குறைந்த ஒரு மணி நேரம் என்பது இன்னும் புரியவில்லை. அமெரிக்காவில் ஏஎம்சி திரையரங்குகள் 2007 முதல் சில காட்சிகளை விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து, குழந்தைகள் எழுந்து நடந்தாலும் யாரும் முறைக்காத மாதிரி நடத்துகின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும், மதுரை கலைஞர் நூலகத்திலும் அருமையான குழந்தைகள் பகுதி இருக்கிறது. மே மாதத்தில் வாரம் ஒரு காலை, ஒரு மணி நேரம் அப்படி ஒதுக்கப் புதுக் கட்டடம் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

இதற்கெல்லாம் யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அம்மாவின் வேலைதான். 2024 ஏப்ரலில், இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது அரசமைப்பு தரும் கடமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு ஊழியருக்கு அது பிடிமானம். ஐடி கம்பெனியிலோ ஜவுளிக் கடையிலோ வேலை செய்பவருக்கு அந்த விடுப்பே இல்லை. அக்கா ஒரு தனியார் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தாள். 2024 மே மாதம் 'லாஸ் ஆஃப் பே'. ஆகஸ்ட்டில் பேப்பர் போட்டுவிட்டாள்.

உதவி சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை கொடுக்கிறது, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். லீவில் கிடைக்கும் ஒரு வார நாளில் அந்த அலைச்சலை முடித்துக்கொள்ளலாம். மருத்துவமனை கியூவும் குழந்தையின் அட்டவணையில் படமாக இருக்க வேண்டும், மறக்க வேண்டாம். மாவட்டத் தலைநகரங்களில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியார் தெரபி கட்டணம் கட்ட முடியாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவை.

ஜூன் முதல் வாரம்

திறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே எழும் நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக முன்னால் நகர்த்துங்கள். புது யூனிஃபார்மை ரெண்டு முறை துவைத்துவிட்டுப் போடுங்கள், கஞ்சி மொடமொடப்பும் காலரில் இருக்கும் லேபிளும் சில குழந்தைகளுக்கு முள் மாதிரி. ஒரு நாள் மூடிய ஸ்கூல் கேட் வரை நடந்து போய்த் திரும்புங்கள். வகுப்பு மாறுகிறது என்றால் புது டீச்சரின் போட்டோவைக் கேட்டு வாங்கி அட்டவணையில் சேருங்கள். பெரும்பாலான டீச்சர்கள் சந்தோஷமாகவே அனுப்புவார்கள்.

அக்கா வீட்டுக் காலண்டரில் இப்போது வேன் படத்தை எந்தத் தேதியிலும் முன்கூட்டி ஒட்டுவதில்லை. ஜூன் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எல்லாத் தாளிலும் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. முந்தைய நாள் சாயங்காலம் அவன் முன்னாலேயே கேள்விக்குறியை அழித்து, வேனோ வீடோ, ஒரு படத்தை ஒட்டுவாள். போன வருஷம் ஜூன் 1 சாயங்காலம் ரப்பரை அவனே கேட்டு வாங்கி அழித்தான். தாள் கிழிந்துபோய், செலோ டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் வேனை ஒட்டினார்கள்.

பள்ளித் திறப்பு பற்றி எந்த அறிவிப்பு வந்தாலும் டெஸ்க்கில் அலர்ட் அடிக்கும் வேலை இன்னமும் என்னுடையதுதான். அலர்ட் போன கையோடு அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.